தொட்டியில் கரைத்த வெல்லம்

1

விருத்தாசலத்தை விட்டு அயர்லாந்துக்கு வந்து இந்த ஆடியோடு எனக்கு ரெண்டு வருஷம் ஆகிறது. அயர்லாந்து என்றால் லண்டனுக்கு அந்தப் பக்கம், கடலுக்கு நடுவில் கிடக்கிற ஒரு நாடு. இங்கே நாள் ரெண்டே வகைதான். ஒன்று மழை பெய்கிற நாள், இன்னொன்று மழை வரப்போகிற நாள். ரெண்டையும் பார்த்து "அருமையான நாள்" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களைக் கொண்டுபோய் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் சித்திரை மாச வெயிலில் நிறுத்தினால் அதற்கு என்ன பேர் வைப்பார்களோ.

எழுதச் சொன்னது அஞ்சலை. என்னோடு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். என் வூட்டுச் சாவி அவளிடம்தான் இருக்குது. வாரம் ஒரு தரம் போன் பண்ணுவாள். "ரெண்டு வருஷமா வெளிநாட்டுல உக்காந்திருக்கிறியே, என்னத்தடி பாத்த? நம்ம லைப்ரரி மலர்ல போடறாங்களாம், எழுதி அனுப்பு" என்றாள்.

நான் நாலாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கம்பெனியில் முப்பது வருஷமும் கூட்டத்தில் கடைசி ஆளாக நின்று, எல்லாரும் தலையாட்டினால் நானும் ஆட்டிவிட்டு வந்தவள். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது எதிரே யாரும் நின்று முகத்தைப் பார்க்கிறதில்லை.

என்னத்தைப் பார்த்தேன் என்றால், அஞ்சலை, மீனைப் பார்த்தேன். அதற்குத்தான் இவ்வளவு தூரம் ஏரோப்ளேன் ஏறி வந்தேன் போலிருக்குது.

2

என் மகள் கலா இங்கே நர்ஸு. வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடத்தில் வேலை. அங்கே பாதிப்பேருக்கு நினைவு தப்பிப்போய்விட்டதாம். பெத்த பிள்ளை எதிரே வந்து நின்றால் "நீங்க யாரு?" என்று கேட்பார்களாம். நாள் பூரா அவர்களோடு இருந்துவிட்டு வந்து, இங்கே நான் கடுகு டப்பாவைத் தேடினால்கூட என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள்.

"யம்மா, இன்னிக்கி என்ன கெழமை?"

"ஏண்டி, காலண்டர் இல்லியா வூட்ல?"

இப்படித்தான் எங்கள் பொழுது போகும். மருமகன் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேசிக்கொண்டிருப்பார். பேத்தி தியாவுக்கு எட்டு வயசு. நம்ம பேச்சு அவளுக்குப் புரியும். பதில் பாதி இங்கிலீஷில் வரும். நான் சோறு பிசைந்து ஊட்டினால் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். சிநேகிதி யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

நான் இங்கே இருக்கலாம் என்று கொடுத்திருக்கிற அட்டை ஐப்பசியோடு முடிகிறது. அதற்கு மேலே இருக்கவேண்டும் என்றால் மறுபடி மனு போடணும். அந்த ஆபீஸுக்கு ஒரு தரம் போயிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "மிஸஸ் கோவிந்தசாமி" என்று கூப்பிட்டார். கோவிந்தசாமி எங்கப்பன் பேர். பாஸ்போர்ட்டில் கடைசியில் இருக்கிறதால் அதுதான் என் பேராம். அவர் செத்து நாப்பது வருஷம் ஆகிறது. என் மருந்துச் சீட்டிலும் அவர் பேர்தான். இந்த நாட்டுக்கு வந்து அவர் பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மனுவைப் பார்த்துக்கொள்கிற வக்கீல் கலாவிடம் சொல்லியிருந்தார். அம்மா பிள்ளையை நம்பித்தான் இருக்கிறார், தனியாக விட முடியாது என்று காட்டணுமாம். உடம்பிலோ புத்தியிலோ ஒரு குறை இருக்கிறது என்று தாள் இருந்தால் சுலபமாம். எனக்கு முட்டி வலி உண்டு. முட்டி வலி போதாதாம்.

"கொஞ்சம் பெரிசா எதாவது இருந்திருக்கலாம்மா" என்று கலா சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என்னைத் திருப்பி அனுப்ப அவளுக்கு இஷ்டம் இல்லை. எனக்கும், இந்த மழையை எவ்வளவு ஏசினாலும், தியா பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பை மூலைக்கு ஒன்றாக எறிகிற சத்தத்தை விட்டுப் போக இஷ்டம் இல்லை. அதை வாய்விட்டு இது வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. ஐப்பசிக்கு மூணு மாசம் இருந்தது.

3

ரெண்டு வருஷம் ஆனதற்கு எங்காவது கூட்டிப்போகிறேன் என்றாள் கலா. கோயிலாக இருக்கும் என்று நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அதற்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டிக் கடலோரத்தில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். வாசலில் பெரிய நண்டு பொம்மை நின்றது.

"என்னடி எழுதியிருக்குது?"

"கடல்ல இருக்கிற உயிரையெல்லாம் நாமளே கண்டுபிடிச்சுத் தெரிஞ்சுக்கற எடம்மா. குடும்பத்தோட வரலாம்."

"குடும்பத்தோட வரக்கூடாத மீனு எங்க இருக்குது?"

"யம்மா, ஆரம்பிக்காத."

உள்ளே நுழைந்ததும் புறங்கையில் நண்டு முத்திரை குத்தினார்கள். நம்ம ஊர்க் கல்யாணத்தில் சந்தனம் கொடுப்பார்கள், இங்கே நண்டு. நெஞ்சில் பேர் எழுதி ஒரு சீட்டு ஒட்டினார்கள். பார்த்தால் அதிலும் எங்கப்பன்.

நாமே கண்டுபிடிக்கணும் என்றாளே, கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. எல்லாம் கண்ணாடிக்குள்ளே விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பேர், ஒரு பிறந்த நாள், எதைத் தின்னும், எதற்குக் கோபப்படும் என்று ஒரு பலகை. குட்டியாக ஒரு சுறா, முழங்கை நீளம்கூட இல்லை. அதற்கு முன்னால் அப்பன்மார்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார்கள்.

கடலூர் மீன் நம்ம மார்க்கெட்டுக்குக் காலை பஸ்ஸில் வரும். செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "நேத்து மீனை எந்தலையில கட்றியா?" என்று நாலு வார்த்தை பேசி வாங்குவோம். அந்தக் கூட்டத்தில் நானே பேசுவேன். மீன்காரியிடம் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

"இந்த சைஸு சுறாதான் புட்டுக்கு நல்லாருக்கும். பூண்டு தூக்கலா போட்டா..." என்றேன்.

"யம்மா! சத்தமாச் சொல்லாத."

"தமிழ்லதானடி சொல்றேன். சுறாவுக்குத் தமிழ் தெரியுமா?"

தியா சிரித்துவிட்டாள். கலாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அடுத்து மீன் ஆஸ்பத்திரி. ஒரு தொட்டியில் அடிபட்ட மீன் ரெண்டை வைத்து, "அமைதி காக்கவும்" என்று போர்டு. எதிரே இருபது அடி தள்ளி கேன்டீன். அங்கே மீனை மாவில் தோய்த்துப் பொரித்து உருளைக்கிழங்கோடு கொடுக்கிறார்கள். ஜனங்கள் இந்தப் பக்கம் மீனுக்காக உச்சுக் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் வரிசையில் நிற்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. என்னைச் சுறாப்புட்டு என்று சொல்லக்கூடாது என்கிறாள் என் மகள்.

இன்னொரு தொட்டியில் எட்டுக் கால் கணவாய் ஒன்று ஒரு மண்ஜாடிக்குள் ஒளிந்திருந்தது. எல்லாரும் கணவாயைப் பார்த்தார்கள். நான் ஜாடியைப் பார்த்தேன். அச்சில் ஊற்றி எடுத்த ஜாடி. ரெண்டு அச்சும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். அதைக் கத்தியால் சுரண்டி ஈரத் துணியால் துடைத்து எடுப்பதுதான் முப்பது வருஷமும் என் வேலை. இந்த ஜாடியில் கோடு மேலிருந்து கீழ் வரைக்கும் அப்படியே நின்றது. இதைச் சூளைக்கு அனுப்பியிருந்தால் எங்கள் மேஸ்திரி என் காலடியில் போட்டு உடைத்திருப்பார். இங்கே விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

4

இனிமேல் சொல்லப்போவது நான் பண்ணின காரியம். மறைக்கிறதற்கு ஒன்றும் இல்லை.

தியாவுக்கு வலது கையில் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் மரு. அஞ்சாறு இருக்கும். டாக்டரிடம் காட்டினார்கள். ரெண்டு வருஷத்தில் தானாகப் போய்விடும் என்றாராம். ரெண்டு வருஷத்தில் தானாகப் போகும் என்று சொல்ல ஒரு டாக்டர், அவரைப் பார்க்க மூணு வாரம் காத்திருப்பு. அதற்குள் பள்ளிக்கூடத்தில் வட்டமாக நின்று ஆடும்போது பக்கத்துப் பெண் இவள் கையைப் பிடிக்கமாட்டேன் என்று சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள். இவள் வந்து யாரிடமும் சொல்லவில்லை. கையுறை போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள். என்ன கண்ணு என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

நம்ம பக்கத்தில் மரு வந்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கல்லுப்பு, மிளகு, வெல்லம் வாங்கி, மரு இருக்கிற இடத்தைத் தொட்டு, தலையை மூணு சுத்து சுத்தி, கோயில் குளத்தில் போடுவோம். வெல்லம் கரையக் கரைய மரு கரையும். கலாவுக்குக் கழுத்தில் வந்தபோது அப்படித்தான் போட்டேன். போயிற்று. வெல்லத்தால் போயிற்றா, தானாகப் போயிற்றா என்று எனக்கும் தெரியாது. இந்த ஊர் டாக்டருக்கும் தெரியாது. ஆனால் நான் மூணு வாரம் காக்க வைக்கவில்லை.

இங்கே குளம் இல்லை. ஏரி இருக்குது, அதற்குக் கம்பி வேலி. ஆறு இருக்குது, அதில் வாத்துக்கு ரொட்டி போட்டால்கூடத் திட்டுகிறார்கள். இந்தியாக் கடையில் வாங்கின வெல்லத்தோடு உப்பும் மிளகும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, அஞ்சு மாசமாக என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அந்தக் கட்டடத்தின் நடுவில் தொட்டுப் பார்க்கிற தொட்டி என்று ஒன்று. அகலமான சிமெண்டுத் தொட்டி, சுத்தி ரெண்டு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி, உள்ளே பாறை, பாசி. கடல் தண்ணி ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகிறது. பிள்ளைகள் படியில் நின்று ரெண்டு விரலால் நட்சத்திர மீனைத் தொட்டுப் பார்த்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். தொட்ட பிள்ளைக்கெல்லாம் ஒரு ஸ்டிக்கர். தொட்டால் பரிசு கொடுக்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

தியா தொடவில்லை. கையுறையோடு ஓரமாக நின்றாள்.

கலா டீ வாங்கப் போயிருந்தாள். நான் தண்ணியைப் பார்த்தேன். படியைப் பார்த்தேன். சுவரில் வரிசையாகப் படம் போட்டிருந்தது. செருப்பு போடாதே, எச்சில் துப்பாதே, நாயைக் கூட்டி வராதே. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. வெல்லம் போடாதே என்று படம் இல்லை.

"தியா, கையுறையைக் கழட்டு."

"ஆயா, வேணாம். எல்லாரும் பாப்பாங்க."

"அதுங்க மீனைப் பாக்குதுங்க. உன்னை யாரு பாக்கறாங்க? கழட்டு."

கழட்டினாள். முடிச்சை அவிழ்த்து மருவைத் தொட்டு அவள் தலையை மூணு சுத்து சுத்தினேன். அவளே கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்புறம் மஞ்சள் துணியில் இருந்ததைத் தொட்டியில் உதறினேன்.

உப்பு போயிற்று. வெல்லம் பாறைமேல் உட்கார்ந்து பழுப்பாகக் கரைய ஆரம்பித்தது. மிளகு மிதந்துவிட்டது. அதை நான் யோசிக்கவில்லை. கோயில் குளம் பெரிசு, மிளகு எங்கேயோ போய்விடும். இங்கே முப்பது நாப்பது மிளகு தண்ணிமேல் வட்டம் போட்டு எல்லாப் பிள்ளைகள் கைக்கும் போனது. பாறையில் பூ மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிராணி ஒரு மிளகை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் துப்பியது.

பச்சைச் சட்டைப் பெண் மைக்கோடு அலறினாள். கட்டடம் பூரா கேட்டிருக்கும். பிள்ளைகளை இழுத்துக் கீழே இறக்கினார்கள். ஒரு குழந்தை அழுதது, அதைப் பார்த்து நாலு குழந்தை அழுதது. வலை வந்தது, வாளி வந்தது. நட்சத்திர மீனை ஒவ்வொன்றாக எடுத்து வேறு தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். கடல் தண்ணியில் உப்பு போட்டதற்கு இவ்வளவு கூத்து. வெல்லம்தான் கெடுதல் என்று அப்புறம் சொன்னார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்கமாட்டேன். அந்த மட்டும் என் தப்புதான்.

5

என்னையும் தியாவையும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டின, தலை நரைத்த ஒரு அம்மா வந்தாள். அந்த இடத்துக்கு அவள்தான் பெரியவள். கையில், நடந்ததை எழுதி வாங்குகிற அச்சடித்த தாள். முகம் சிவந்து கிடந்தது. என்னமோ கேட்டாள். எனக்கு வழக்கம்போல வாய் திறக்கவில்லை. மடியில் மஞ்சள் துணியை மடித்து மடித்து வைத்தேன்.

அதற்குள் கலா ரெண்டு கையிலும் டீயோடு ஓடி வந்தாள். "சாரி, சாரி" என்று பத்து தரம் சொன்னாள். அந்த அம்மா தொட்டியைக் காட்டினாள், வாளியைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். கலா குரலை இறக்கி என்னமோ சொன்னாள். சொல்லும்போது ஒரு விரலால் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள்.

அந்த முகம் இளகினதை நீங்கள் பார்த்திருக்கணும். ஒரு நிமிஷம் முன்னால் என்னைக் கடித்துத் தின்ன வந்தவள், குனிந்து என் கையைத் தடவினாள். செவிடிக்குச் சொல்கிற மாதிரி காதுப் பக்கம் வந்து நிறுத்தி நிறுத்தி, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். பச்சைச் சட்டைப் பெண்ணும் வந்து தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். தள்ளுவண்டி நாற்காலி ஒன்று வந்தது. நடந்து வந்தவளுக்கு நாற்காலி! என் நெஞ்சில் நட்சத்திர மீன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினார்கள். ஏச்சு வாங்கினால் தாங்குவேன். கம்பெனியில் வாங்காத ஏச்சா? இந்தத் தடவலை என்னால் தாங்க முடியவில்லை.

"என்னடி சொன்ன?" என்று கேட்டேன்.

கலா என் பக்கம் குனிந்தாள். "யம்மா, சும்மா இரு. நல்லதுக்குத்தான். ஒனக்கு நெனவு தப்புது, என்ன பண்றோம்னு தெரியாம நீ பண்ணிட்டன்னு சொல்லியிருக்கேன். அவங்க எழுதிக்குவாங்க. வக்கீலு கேட்டாரே ஒரு தாளு, இதோ தானா கெடைச்சிருக்குது. நான் நர்ஸு, நான் சொன்னா நம்புவாங்க. இத வச்சு டாக்டர்கிட்ட போலாம். நீ கையெழுத்து மட்டும் போடு."

எனக்குப் புரிந்தது. ஒரு கையெழுத்து. அதற்கு அப்புறம் ஐப்பசி வந்தாலும் என்னை யாரும் அனுப்பமாட்டார்கள். செருப்பு எறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இங்கேயே இருக்கலாம். அந்த அம்மா தாளில் எழுதி முடித்துப் பேனாவை என்னிடம் நீட்டினாள். வாங்கிவிட்டேன். அதை மறைக்கவில்லை. கையில் வாங்கித் தாளின்மேல் வைத்தும் விட்டேன்.

தியா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயா, நீ என்னை ஃபர்கெட் பண்ணிடுவியா?"

"என்ன?"

"அம்மா சொன்னாங்க, ஆயாவுக்கு மெமரி போவுது. அம்மா வேலை பண்ற எடத்துல எல்லாருக்கும் அப்படித்தான். என் பேரு தெரியுமா ஒனக்கு?"

கையுறை இல்லாத கை என் கோட்டை விடவில்லை.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"தியா, அந்த அம்மாகிட்ட நான் சொல்றதை அப்படியே சொல்லு. எனக்கு நெனவு நல்லாருக்குது. வெல்லத்தை நான் தெரிஞ்சேதான் போட்டேன். அஞ்சு மாசம் யோசிச்சுப் போட்டேன். எம் பேத்தி கையில மரு, அதுக்குப் போட்டேன். மீனுக்குக் கெடுதல்னு தெரியாது, அது என் தப்பு. தாள்ல இதை எழுதச் சொல்லு."

"யம்மா!" என்றாள் கலா. "வேணாம்மா."

"நீ சொல்லு தியா."

பெஞ்சைச் சுத்தி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் நான் பேசினது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். தியா இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். கடைசியில் தன் விரலை நீட்டிக் காட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை.

அந்தப் பெரியம்மா விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கலாவைப் பார்த்தாள். தடவுகிறதை நிறுத்திவிட்டாள். அப்புறம் என்னமோ நீளமாகச் சொன்னாள். நான் தியாவைக் கேட்டேன்.

"என்னவாம்?"

"அவங்களுக்குச் சின்ன வயசுல மரு வந்துச்சாம். அவங்க ஆயா ஒரு சாமி கெணத்துக்குக் கூட்டிட்டுப் போயி அந்தத் தண்ணில கையை விடச் சொன்னாங்களாம். போயிடுச்சாம்."

"பின்ன என்னவாம்?"

"அந்தக் கெணத்துல நட்சத்திர மீனு இல்லியாம்."

பார்த்தீர்களா? அவர்கள் செய்தால் சாமி கிணறு, நான் செய்தால் நினைவு தப்பினவள். அதை அவளிடம் கேட்டிருப்பேன். அதற்கு மேல் தைரியம் வரவில்லை.

எழுதினதை அவள் கோடு போட்டு அடித்தாள். வேறே எழுதினாள். தியாவை விட்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருந்தது. இனிமேல் அந்தத் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. அதற்கு நான் சந்தோஷமாகவே சம்மதித்தேன். தமிழில் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பன் பேரை விட்டுவிட்டேன்.

6

திரும்பும்போது காரில் தியா பின்னால் தூங்கிவிட்டாள். கண்ணாடியில் மழை. பாதி வழியில்தான் கலா வாயைத் திறந்தாள்.

"ஒன்னக் கூட வச்சிக்கணும்னுதாம்மா சொன்னேன்."

"தெரியுது."

"தெரிஞ்சும் ஏம்மா?"

"கூட வச்சிக்கிறதுக்காவ என்னை இல்லாம ஆக்கிடணுமா?"

அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். நாள் பூரா நினைவு தப்பினவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டு வருகிறவள். அவள் வாயில் அது எவ்வளவு லேசாக வந்துவிட்டது என்று அவளே அப்போதுதான் கேட்டிருப்பாள் போல. ஏசுகிறதற்கு எனக்கு இந்த நாடே இருக்குது. அவளை ஏச மனசு வரவில்லை.

போன வாரம் வக்கீலிடமிருந்து மனுத் தாள் வந்தது. பதினாலு பக்கம். அடுப்படி மேசையில் வைத்துக் கலா கேள்வியைப் படித்தாள், நான் பதில் சொன்னேன்.

"தானா குளிக்க முடியுமா?"

"முடியும்."

"தானா சமைக்க முடியுமா?"

"நேத்து வத்தக்கொழம்பு யாரு வச்சது, அந்த வக்கீலா?"

"யம்மா, முடியும் இல்ல முடியாது, அவ்ளோதான்."

"முடியும்."

"தெரிஞ்சவங்களை அடையாளம் தெரியுமா?"

"தெரியும்."

ஒவ்வொரு தடவையும் அவள் பேனா கட்டத்துக்கு மேலே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் இறங்கியது. ஒவ்வொரு "முடியும்" என்பதும் என்னை விருத்தாசலம் பக்கம் ஒரு அடி தள்ளுகிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் அவள் பொய்யாக ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை.

பதிமூணாம் பக்கத்தில் ஒரு கேள்வியைப் படித்துவிட்டுத் தமிழில் சொல்லாமல் இருந்தாள்.

"என்னடி அது?"

"சொந்த ஊர்ல தனியா வாழ முடியுமான்னு கேக்கறாங்க."

அவள் அப்பா போன பிறகு அஞ்சு வருஷம் நான் அந்த வூட்டில் தனியாகத்தான் இருந்தேன். அரை ஆழாக்கு அரிசி போட்டு ரெண்டு வேளை சாப்பிட்டேன். பேச ஆள் வேணும் என்றால் அஞ்சலை வூட்டுக்குப் போவேன். முடிந்ததை முடியாது என்று எப்படிச் சொல்வது?

"முடியும்னு போடு."

கலா போட்டாள். தலை நிமிரவில்லை.

"பிடிக்காதுன்னு எழுத எடம் இருக்குதா பாரு."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பதினாலாம் பக்கத்தையும் பார்த்தாள்.

"இல்லம்மா. அதுக்குக் கட்டம் கெடையாது."

"அப்ப ஓரத்துல எழுது."

ஓரத்தில் எழுதினால் வக்கீல் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தாளைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில், பொடி எழுத்தாக எழுத ஆரம்பித்தாள்.